கொம்புக் குத்தும் இரத்த இழப்பும்: வாடிவாசல் முதல் அறுவை அரங்கு வரை

தமிழ்நாட்டில் ஜல்லிக்கட்டு மிகுதியாக நடைபெறும் மாவட்டம் புதுக்கோட்டை. ஆண்டின் முதல் வாடிவாசல் பெரும்பாலும் தச்சங்குறிச்சியில்தான் திறக்கிறது. இத்தகைய களத்தில் படும் கொம்புக் குத்தின் வாய் சிறிதாகத் தெரிந்தாலும், குத்திய காளை தலையைத் தூக்கித் திருப்புவதால் உள்ளே தசையும் இரத்தக் குழாயும் பல திசைகளில் கிழிந்திருக்கக்கூடும் என்று கொண்டே சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.

தொடையிலிருந்து இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியைக் காயத்துக்குள் திணித்து, கையை எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அடங்காவிட்டால் காயத்துக்கு மேலே டூர்னிக்கே எனப்படும் இறுக்குப் பட்டையைக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறிக்க வேண்டும். கவட்டைக் காயத்துக்கு மேலே பட்டை கட்ட இடமில்லை; 108 ஊர்தி மருத்துவமனையை அடையும்வரை அழுத்தும் கையே துணை. வயிற்றுக் காயத்தில் துணி திணிக்கக் கூடாது. வெளிவந்த குடலை உள்ளே தள்ளாமல் ஈரத்துணியால் மூட வேண்டும்.

அவசரப் பிரிவில் இரத்த அழுத்தத்தை மட்டும் நம்புவது ஆபத்து. மாடுபிடி வீரர் இளைஞர் என்பதால் அவர் உடல் நெடுநேரம் ஈடுகொடுத்துவிட்டுத் திடீரெனச் சரியும். நாடித்துடிப்பின் எண் மேல் அழுத்தத்தின் எண்ணை எட்டினாலே கடும் இழப்பு என்று கொண்டு, இரு பெரிய ஊசிவழிகள் போட்டு, இரத்த வகை பார்க்க மாதிரி அனுப்ப வேண்டும். உறைந்த இரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தை 10 நிமிடங்களில் 1 கிராமும், அடுத்த 8 மணி நேரத்தில் 1 கிராமும் செலுத்துவது மரணத்தைக் குறைக்கும் என்று, 20,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்று 2010இல் வெளியான கிராஷ்-2 ஆய்வு காட்டியது. காயம்பட்டு 3 மணி நேரம் கடந்தபின் தொடங்கினால் அதுவே தீங்காகலாம்.

உடன்வந்தோர் பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் ஏற்றச் சொல்வது இயல்பு, ஆனால் அதற்கு மருத்துவர் இணங்கலாகாது. குளுக்கோஸோ சலைனோ இரத்தத்தை நீர்க்கச் செய்து, உடலைக் குளிர்வித்து, உறைதலைக் கெடுக்கும். இழந்தது இரத்தமாதலால் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு மூன்றையும் ஏறக்குறைய சம அளவில் ஏற்றி, கால்சியமும் கொடுத்து, நோயாளியைப் போர்த்தி வைக்க வேண்டும். கசிவு அடைபடும்வரை மேல் அழுத்தம் 80–90 இருந்தால் போதும். தலைக்காயம் உள்ளவருக்கு 110க்குக் குறையக் கூடாது.

வயிற்றில் இரத்தம் தேங்கியதை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் காட்டி, அழுத்தமும் நிலைகொள்ளாவிட்டால், சி.டி. எடுக்கக் காத்திராமல் அறுவை அரங்குக்கே கொண்டுசெல்ல வேண்டும். டெட்டனஸ் ஊசியும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தும் அவசியமே எனினும், அவற்றுக்காக இந்தப் பயணம் தாமதிக்கலாகாது. இரத்தக் குழாய் அறுவைக்கு வேறூர் அனுப்ப நேர்ந்தால், பட்டை கட்டிய நேரம், டிரானெக்சாமிக் அமிலம் தொடங்கிய நேரம், ஏற்றிய இரத்தத்தின் அளவு ஆகிய மூன்றையும் எழுதிய தாள் நோயாளியுடனேயே செல்ல வேண்டும்.