நைஜீரிய நாட்டு பிரைட் ரைஸ்

மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரிய நாட்டுத் திருமண விருந்துகளில் இருவகைச் சோறு சிறப்பிடம் பெறும். தக்காளியால் சிவந்தது ஜொல்லாஃப்; கறித்தூளால் மஞ்சள் நிறம் பெற்றது பிரைட் ரைஸ். பின்னதன் செய்முறையைக் காண்போம்.

நீளமான புழுங்கலரிசியை இறைச்சி வெந்த சாற்றில், கறித்தூளும் தைம் என்னும் வாசனை இலையும் இட்டு, முக்கால் பதமாக வேகவைத்துச் சற்று ஆறவிட வேண்டும். வெங்காயம், காரட், பீன்ஸ், பட்டாணி, குடைமிளகாய், வேகவைத்து நறுக்கிய ஈரல் ஆகியவற்றை எண்ணெயில் வதக்கி, சோற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கிளற வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் ஆவியில் குழைந்துவிடும்.

ஒன்றை நாம் மறக்கலாகாது. பாசிலஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு நெடுநேரம் வெளியில் இருந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சூடாக்கினாலும் அந்நஞ்சு அழியாது. ஆகவே மிஞ்சிய சோற்றை 2 மணி நேரத்திற்குள் குளிர்ப்பெட்டியில் வைப்போம். சுவையாகச் சமைப்பதுடன் நலமாகப் பரிமாறுவதும் நம் கடமையன்றோ!