பாறையேறும் கலை

உடலுக்கு உரமும் உள்ளத்திற்கு உறுதியும் அளிக்கும் விளையாட்டுகள் பல. அவற்றுள் ஒன்று பாறையேறுதல். செங்குத்தான பாறையில் ஒருவர் தொங்கும் படத்தைக் காணும்போது, இது வெறும் துணிச்சல் என்றே நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் இது விதிகளும் பயிற்சியும் தனிச்சொற்களும் கொண்ட ஒரு கலையாகும். அதனைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

முற்காலத்தில் ஐரோப்பிய மலையேறிகள் பனிமலைகளுக்குச் செல்லுமுன் பயிற்சிக்காகவே சிறு பாறைகளில் ஏறினர். 1886ஆம் ஆண்டில் ஹாஸ்கெட் ஸ்மித் என்பவர், இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திலுள்ள 'நேப்ஸ் ஊசி' என்னும் கூரிய பாறைத் தூணில் தனியே ஏறினார். நாளடைவில் பாறையேறுதல் ஒரு தனி விளையாட்டாகவே வளர்ந்தது.

இதில் முறைகள் பல உள. கயிறு எதற்குப் பயன்படுகிறது என்று கேட்டால் அவற்றின் வேறுபாடு எளிதில் விளங்கும்.

முதலாவது, கருவித்துணை ஏற்றம். பாறை வெடிப்புகளில் இரும்பு ஆப்புகளை அறைந்து, அவற்றில் கயிற்றேணியை மாட்டி, அதன்மீது நின்று மேலே செல்வது இம்முறை. அமெரிக்காவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் எல் கேப்பிட்டன் என்னும் கருங்கற்பாறை ஏறத்தாழ 900 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. வாரன் ஹார்டிங்கும் தோழர்கள் இருவரும் 1958ஆம் ஆண்டில் அதன் 'மூக்கு' எனப்படும் பகுதி வழியாக இம்முறையில் உச்சியை அடைந்தனர். பல தவணைகளாக 40க்கும் மேற்பட்ட நாள்கள் அதற்குத் தேவைப்பட்டன.

இரண்டாவது, தன்னேற்றம். இதில் ஏறுவதற்கு உதவுவன கையும் காலும் மட்டுமே. கயிறு, தவறி விழுந்தால் தாங்குவதற்கே. லின் ஹில் என்னும் பெண்மணி 1993ஆம் ஆண்டில் அதே 'மூக்கில்' முதன்முதலாகத் தன்னேற்றம் செய்தார். மறு ஆண்டில் 24 மணி நேரத்திற்குள் அதனை ஏறி முடித்தார்.

மூன்றாவது, கயிறில்லாத் தனியேற்றம். 2017ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் அலெக்ஸ் ஹானல்ட் எல் கேப்பிட்டனில் வேறொரு வழியாக 4 மணி நேரத்திற்குள் இவ்வாறு ஏறினார். அவ்வழியில் கயிறு கட்டிப் பலமுறை பழகிய பின்னரே அவர் அதற்குத் துணிந்தார். கால் ஒருமுறை வழுக்கினாலும் உயிர் போகும் இம்முறை நாம் பின்பற்றத்தக்கதன்று.

புதிதாகக் கற்போர் மேற்கயிற்று முறையில் தொடங்குவர். ஏறுபவரின் இடுப்புப்பட்டையில் கட்டிய கயிறு, உச்சியிலுள்ள வளையத்தின் வழியாகக் கீழிறங்கித் துணைவரின் கையில் இருக்கும். தேர்ந்தவர்களோ கயிற்றைக் கீழிருந்தே கொண்டுசென்று, வழியிலுள்ள கொக்கிகளில் மாட்டியவாறு ஏறுவர். கடைசிக் கொக்கிக்கு 2 மீட்டர் மேலே இருப்பவர் தவறினால் எவ்வளவு விழுவார்? கொக்கி வரை 2 மீட்டர், அதற்குக் கீழே 2 மீட்டர், ஆக 4 மீட்டர். கயிறு நீள்வதால் இன்னும் சற்றுக் கூடும். அந்நீட்சியே அதிர்ச்சியைக் குறைத்து உடலைக் காக்கிறது.

ஏறும்போது கைகளால் உடலை இழுத்தல் தவறு. கால்களே உடலைத் தூக்க வேண்டும். ஆகவே காலை எங்கு வைக்கிறோம் என்பதைக் கண்ணால் பார்த்து வைத்தல் வேண்டும். இயன்றவரை இரு கால்களும் ஒரு கையுமோ, இரு கைகளும் ஒரு காலுமோ பாறையில் பதிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றினும் மேலானது துணைவரின் பொறுப்பு. தரையை விட்டு எழுமுன் இருவரும் ஒருவர் முடிச்சையும் பட்டையையும் மற்றவர் சரிபார்ப்பர். கீழே நிற்பவர், கயிற்றைத் தடுக்கும் கையை ஒரு நொடியும் விடமாட்டார். ஏறுபவரின் உயிர் அக்கையில் உள்ளது.

பத்துமலையின் 272 படிகளை நாம் அறிவோம். அதே சுண்ணாம்புக் குன்றின் வேறு பக்கங்களில் பாறையேறிகள் பயில்கின்றனர். 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அண்டை நாடான இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோ, 15 மீட்டர்ச் சுவரை 4.75 நொடியில் ஏறித் தங்கம் வென்றார்.

மாணவமணிகளே! தோட்டத்தருகே உள்ள குன்றிலும் கைவிடப்பட்ட கல்லுடைப்பிலும் ஆசானும் கயிறுமின்றி ஏறுதல் வீரமன்று. பெற்றோரே, பிள்ளைகளின் ஆர்வத்தை அடக்காமல் தக்க பயிற்சியாளரிடம் அனுப்புங்கள். முறையாகக் கற்று, துணைவரை நம்பி, துணைவரின் நம்பிக்கைக்கும் உரியவராகி உயர்வோமாக.