ஆயில் மாற்றிப் போட வேண்டாம், அண்ணாச்சி

அன்புள்ள தென்காசி அண்ணாச்சிக்கு,

உங்கள் பழைய மாருதி 800 வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் 'டக் டக்' என்று தட்டுகிறது, இடதுபுற ஸ்ட்ரட்டில் (ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சர்பரில்) ஆயில் கசிகிறது, ஒர்க்‌ஷாப்பில் "அந்த ஒண்ணை மட்டும் கழத்தி ஆயில் மாத்திப் போட்டுரலாம்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். போடாதீர்கள். முன்னால் உள்ள இரண்டையும் புதிதாக மாற்றுங்கள். ஆனால் அதனால் மட்டும் சத்தம் நின்றுவிடும் என்று நம்பி வண்டியை விட்டுவராதீர்கள்.

கசிவு வேறு, சத்தம் வேறு. ஸ்ட்ரட்டுக்குள் இருக்கும் பிஸ்டன், சிறு துவாரங்கள் வழியே ஆயிலைத் தள்ளிக்கொண்டு நகர்கிறது. அந்தத் தடைதான் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. ஆயில் குறைந்தால் பள்ளத்தைத் தாண்டிய பிறகும் வண்டி குதித்துக்கொண்டே போகும். பிரேக் போட்டால் மூக்கைக் குத்தும். டயர் திட்டுத் திட்டாகத் தேயும். தட்டுவது பெரும்பாலும் ரப்பர் சமாச்சாரம். ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் மவுண்டிங், லோயர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் பார் புஷ் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்; பால் ஜாயின்டையும்தான். 800-ல் அந்த பார் வண்டி சாயாமல் தடுப்பதோடு, லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமலும் பிடித்துக்கொள்கிறது. அதன் புஷ் தேய்ந்தால் பிரேக் போடும்போதே ஒரு 'டக்' வரும். போனட்டைத் திறந்து மவுண்டிங்மேல் விரலை வைத்துக்கொண்டு, வேறொருவரை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லுங்கள். ஸ்பிரிங் சிக்கிச் சிக்கித் துள்ளுவது கைக்குத் தெரிந்தால் மேல் பேரிங் போய்விட்டது.

உங்கள் ஊர் இதில் கொஞ்சம் பொல்லாத ஊர். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று இறங்குகிறது, சாரல் அடிக்கிறது, ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் ஊரே படையெடுக்கிறது. நமக்குக் கொண்டாட்டம், ஸ்ட்ரட்டுக்கு அல்ல. டஸ்ட் கவர் கிழிந்திருந்தால் சகதியும் மணலும் பளபளவென்றிருக்கும் பிஸ்டன் ராடில் ஒட்டும். ராடு மேலும் கீழும் போய்வரும்போது அந்த மணல் குரோம் பூச்சைக் கீறும். கீறிய ராடு ஆயில் சீலை அறுக்கும். அதனால்தான் ஆயில் மாற்றுவதில் பயனில்லை என்கிறேன். கீறல் விழுந்த ராடு அப்படியே இருக்கும்; அடுத்த சாரலுக்குள் புது சீலும் போய்விடும். போதாததற்கு 800-க்கு 12 அங்குலச் சக்கரம். பெரிய வண்டி தாண்டிப் போகும் பள்ளத்தில் இது முழுசாக இறங்கி ஏறும். புளியரை வழியே கேரளாவுக்குப் பாரம் ஏற்றிய லாரிகள் ஓடும் சாலையில் பள்ளத்துக்கும் குறைவில்லை.

இந்த ஸ்ட்ரட் எல்லா வண்டியிலும் இருந்ததில்லை. அம்பாசிடரில் முன்னால் டார்ஷன் பார், பின்னால் பட்டை ஸ்பிரிங். ஸ்ட்ரட் என்பதே கிடையாது. நம் சாலைகளில் ஸ்ட்ரட்டைப் பரவலாக்கியது 1983 டிசம்பரில் வந்த மாருதிதான். ஏற்பாடு அதைவிடப் பழையது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவில் எர்ல் மெக்ஃபர்சன் என்ற பொறியாளர் ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு சின்னக் கார் திட்டத்துக்காக இதில் வேலை செய்தார். அந்தத் திட்டம் கைவிடப்பட, அவர் ஃபோர்டுக்குப் போனார். 1950-ல் இங்கிலாந்தில் வெளிவந்த ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்களில் இது இடம்பெற்றது. ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சர்பரையும் ஒரே தூணாக்கி, சக்கரத்தைத் தாங்குவதையும் ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்புவதையும் அதன் தலையிலேயே கட்டியது கெட்டிக்காரத்தனம். எஞ்சினுக்கு இடம் மிச்சம், பாகங்களும் குறைவு. தேய்ந்தால் மட்டும் எல்லாம் சேர்ந்து கெடும்: சொகுசு, பிரேக், திருப்பம், டயர். கோட்டைவாசலிலிருந்து புளியரை வளைவுகளில் இறங்கும்போது, அதுவும் நனைந்த ரோட்டில், இது விளையாட்டில்லை.

ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்று போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல அடங்காது. அவசரத்துக்குப் பிரேக் போட்டால் வண்டி ஒழுங்காக நிற்காது. கூடவே மவுண்டிங், பேரிங், பம்ப் ஸ்டாப்பர், டஸ்ட் கவர் எல்லாம் புதிதாகப் போடுங்கள். ரப்பரில் மிச்சம் பிடித்தால் பிறகு இதே வேலைக்கு இன்னொரு முறை கூலி கொடுக்க வேண்டிவரும்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் ஸ்பிரிங்குக்கு நேராக நிற்காதீர்கள். ஸ்பிரிங் கம்ப்ரசரை எதிரெதிராக மாட்டி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஸ்பிரிங் இருக்கையை விட்டுத் தளர்ந்த பிறகுதான் நடு நட்டைத் தொட வேண்டும். கயிற்றைக் கட்டிக்கொண்டு நட்டைக் கழற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மெக்கானிக்கும் அந்த ரகம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். பிரேக் ஓஸைக் கிளிப்பிலிருந்து விடுவிக்காமல் சக்கர முட்டியைத் தொங்கவிடக் கூடாது. புஷ்களின் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கும்போது வண்டி ஜாக்கியில் இருக்கக் கூடாது. நாலு சக்கரத்திலும் தரையில் நிற்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே கிடந்து சீக்கிரம் கிழியும். அன்றைக்கே வீல் அலைன்மென்ட். ஸ்ட்ரட்டும் முட்டியும் சேரும் இரண்டு போல்ட்டில் துளி விலகினாலும் சக்கரத்தின் கோணம் மாறிவிடும்.

மகன் வண்டியை விற்றுவிடச் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். 2014 ஜனவரியோடு 800 தயாரிப்பு நின்றுவிட்டது. உங்களுடையதைவிட நல்ல 800 தேடினாலும் எளிதில் அகப்படாது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு செலவு செய்யவும் சொல்லமாட்டேன். ஸ்ட்ரட்டுகளை வாங்கும் முன், போனட்டுக்குள் மவுண்டிங் உட்காரும் தகட்டையும், சக்கரத்தைக் கழற்றி அந்தத் தகட்டின் அடிப்பக்கத்தையும் துரு இருக்கிறதா என்று சுரண்டிப் பாருங்கள். மேல்துரு மட்டும் என்றால் சுத்தம் செய்து பெயின்ட் அடித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கினால் முதலில் நல்ல டிங்கர் ஒருவரிடம் காட்டி வெல்டிங்குக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதை அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு நீங்களும் மகனும் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
வாகனப் பகுதி எழுதுபவன்