எந்த வயதுக் குழந்தை, எந்தப் பயிற்சி?

மழலையர் ஆசிரியர் பயிற்சி என்று விசாரித்தால், மூன்று மாதச் சான்றிதழ் தொடங்கி இரண்டாண்டு டிப்ளமா வரை வந்து குவிகின்றன. கட்டணத்தை ஒப்பிடுமுன், படிக்கப்போகிறவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: நாளெல்லாம் எந்தக் குழந்தையோடு இருக்கப் போகிறோம்?

இரண்டரை முதல் ஆறு வயதுவரை என்றால் மாண்டிசோரி நல்ல தேர்வு. பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரி, போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். கொடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார். அவர் இங்கே பயிற்றுவித்த ஆசிரியர்கள் வழியே அந்த முறை வேரூன்றியது. இந்தப் பயிற்சியில் ஒவ்வொரு கருவியையும் கையாலேயே பழக வேண்டும், விளக்க ஆல்பத்தைத் தானே எழுத வேண்டும், வகுப்பின் ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். மரக்கட்டைக் குழிகளில் உருளைகளைப் பொருத்தும் குழந்தை தடுமாறும்போது, உதவிக்குக் கை நீளாமல் அடக்கிக்கொள்ளப் பழகுவதுதான் மிகக் கடினம். கணினித் திரை முன் அமர்ந்து இது வராது. மாண்டிசோரி என்ற பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம் என்பதால், 1929இல் அவரே தொடங்கிய ஏஎம்ஐ அமைப்பின் அங்கீகாரம் உண்டா என்று பார்ப்பது அவசியம்.

ஏற்கெனவே காப்பகத்திலோ பால்வாடியிலோ வேலை பார்ப்பவருக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் (இக்னோ) அஞ்சல்வழி டிப்ளமா பொருந்தும். பிளஸ் 2 போதும், குறைந்தது ஓராண்டு. சத்துணவு, உடல்நலம், மையத்தை நடத்தும் விதம் எல்லாம் பாடத்தில் உண்டு. ஆனால் அருகில் குழந்தைகளே இல்லாதவருக்கு அது வெறும் புத்தகப் படிப்பாகிவிடும்.

ஆசிரியர் தகுதியாக ஏற்கப்படும் டிப்ளமா வேண்டுமென்றால், தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் (என்சிடிஇ) அங்கீகாரமுள்ள இரண்டாண்டு முன்பருவக் கல்வி டிப்ளமா.

பேச்சு தாமதமான, காது கேளாத, வளர்ச்சி பின்தங்கிய குழந்தைகளுக்காக உழைக்க நினைப்பவர் குறுக்கு வழி தேடவே கூடாது. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறப்புக் கல்வியாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். கவுன்சில் ஏற்ற படிப்பை முடித்தவருக்கே அது கிடைக்கும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. இத்தகைய இடத்தில் இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், பெற்றோர் எல்லோரோடும் சேர்ந்து வேலை செய்யப் பழகலாம். சில வாரப் படிப்போடு தன்னைத் தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவரிடம் சிக்கினால், குழந்தை இழப்பது திரும்பக் கிடைக்காத மாதங்களை.

எந்த நிறுவனமானாலும் பணம் கட்டுமுன், அவர்களது செய்முறை வகுப்பில் ஒரு காலைப்பொழுது உட்கார அனுமதி கேட்கலாம். பயிற்சி எந்தப் பள்ளியில், எத்தனை நாள், கூட இருந்து திருத்துபவர் யார் என்பதற்கு நேரடியான பதில் வராவிட்டால், அடுத்த நிறுவனத்தைப் பார்ப்பதே நல்லது.