விண்டோசிலிருந்து மேக்கிற்குக் கோப்புகளை மாற்றுதல்

பெற்றோரின் விண்டோஸ் கணினியிலுள்ள திருமணக் காணொளியும் ஊர்க் காணி உறுதியின் நகலும் பிள்ளைகளின் மேக் கணினிக்குச் செல்லவேண்டிய தேவை கோப்பன்ஹேகன் தமிழ் வீடுகளில் எழுவதுண்டு. அங்கு பெரும்பாலும் தடையாவது கணினியன்று, இடையில் பயன்படும் வன்தட்டின் வடிவமைப்பே.

விண்டோசின் என்டிஎஃப்எஸ் தட்டை மேக் வாசிக்கும். இயல்பாக அதில் எழுதாது. மேக்கின் ஏபிஎஃப்எஸ் தட்டை இணைத்தால், விண்டோஸ் அதனை வடிவமைக்கலாமா என்று கேட்கக்கூடும். அதற்கு இசைந்தால் உள்ளிருப்பவை அழியும். பழைய ஃபேட்32 இரண்டிற்கும் பொதுவெனினும் 4 ஜிபியை எட்டும் கோப்பை ஏற்காது. நீண்ட திருமணக் காணொளிகள் இங்கேதான் நின்றுவிடுகின்றன.

ஆகவே வெறுமையான தட்டொன்றை எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்தல் நன்று. மைக்ரோசாஃப்ட் 2006இல் வெளியிட்ட இம்முறையை மேக்கும் ஏற்கிறது. எனினும் 'வெளியேற்று' கட்டளையிடாமல் தட்டைப் பிடுங்கினால் கோப்புகள் சிதையக்கூடும். புதிய கணினியில் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்கும்வரை மூலங்களை அழித்தலாகாது. நூலகத்தின் பொதுக் கணினியில் நகலெடுப்போர் எழுந்து செல்லுமுன் தம் கோப்புகளை அதிலிருந்து நீக்குதல் வேண்டும்.

தமிழ்க் கடிதங்களில் வேறொரு சிக்கலும் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டெழுதியவை, அது நிறுவப்படாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். கோப்புப் பழுதாகிவிட்டதென எண்ணி அதனை அழித்தவர்களும் உளர். பாமினியை நிறுவினாலே எழுத்துகள் மீண்டும் தமிழாகத் தெரியும். ஒருங்குறிக்கு மாற்றினால் அத்தேவையும் இராது.