ஒருநாள் கிடைத்தால்: கரவெட்டியிலிருந்து எந்தப் பக்கம்?

கரவெட்டியில் தங்கியிருப்பவர் ஊர் பார்க்க வெளிக்கிட்டால் போவதற்கு மூன்று பக்கங்கள் உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் வடமராட்சிக் கடற்கரை. வல்லை வெளியைத் தாண்டினால் நல்லூரும் யாழ்ப்பாண நகரமும். மேற்கே இன்னும் போனால் வலிகாமத்தின் கந்தரோடை, மாவிட்டபுரம், கீரிமலை. விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற குடும்பங்கள் பலவும் ஒரு வானைப் பிடித்து மூன்று பக்கத்தையும் ஒரே பகலில் முடித்துவிடப் பார்க்கின்றன. பொழுதுபட வீடு திரும்பும்போது பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பது வானின் சன்னல் மட்டுமே. ஒரு நாளுக்கு ஒரு பக்கம் போதும். எந்தப் பக்கம் என்பதை, பார்க்க விரும்புவது என்ன என்பதை வைத்துத் தீர்மானிக்க வேண்டும்.

இத்தாலியின் புளோரன்சுக்குப் போகிறவருக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. அரண்மனை, தேவாலயம், ஓவியக்கூடம் எல்லாம் கால்நடைத் தூரத்தில், கட்டிய இடத்திலேயே நிற்கின்றன. யாழ்ப்பாண அரசின் தலைநகரான நல்லூருக்கு அந்தக் கொடுப்பினை கிடைக்கவில்லை. 1621 இல் போர்த்துக்கேயர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தார்கள். இன்றைய கோயில் 18ஆம் நூற்றாண்டில் குருக்கள் வளவு என்ற வேறொரு காணியில் எழுந்தது. ஆகவே நகரப் பக்கம் போகிறவர், இருப்பதைப் பார்ப்பதோடு இல்லாமற் போனதையும் தெரிந்துகொண்டு போனால்தான் அந்தப் பயணத்துக்குப் பொருள் உண்டு.

நகரத்துக்குச் சொந்த வாகனம் தேவையில்லை. நெல்லியடியில் 750 இலக்க பஸ்ஸில் ஏறினால் பருத்தித்துறை வீதியாலேயே நல்லூர் வந்துவிடும். முத்திரைச் சந்தியில் இறங்கினால் சங்கிலியன் சிலை, சங்கிலியன் தோப்பு வளைவு, மந்திரி மனை, யமுனா ஏரி நான்கையும் நடந்தே பார்க்கலாம். மந்திரி மனை அரசர் கால மந்திரியின் பேரால் வழங்கினாலும், இப்போது தெரியும் கட்டடம் பிற்காலத்தது. பழுதடைந்த கட்டடம் என்பதால் உள்ளே புகாமல் வெளியே நின்று முகப்பு மரவேலையைப் பார்ப்பது நல்லது. அங்கிருந்து கோயில். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். நகரின் மறு முனையில் கோட்டை இருக்கிறது. போர்த்துக்கேயர் கட்டியதை 1658 இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோண வடிவில் திருத்திக் கட்டினார்கள். 1706 இல் உள்ளே கட்டப்பட்ட தேவாலயம் உள்நாட்டுப் போரில் அழிந்துபோனது. கோட்டைக்கு அருகே பொது நூலகம். 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் எழுந்த கட்டடம் அது. உள்ளே வாசிக்கிறவர்கள் இருப்பார்கள். பார்வையாளருக்கு எந்நேரம் திறந்திருக்கும் என்று விசாரித்துவிட்டுப் போக வேண்டும்.

வடமராட்சிக் கரை வேறு விதம். அங்கே உள்ளவை குறைவு, சிறியவை, ஆனால் பெரும்பாலும் உண்டான இடத்திலேயே இருப்பவை. பருத்தித்துறைத் தெருமூடி மடத்தை எடுத்துக்கொள்ளலாம். பெயர் சொல்வதுபோலவே அது தெருவை மூடிக் கட்டிய மடம். வீதியின் இரு பக்கமும் உயர்ந்த திண்ணை, திண்ணையில் செதுக்கிய சுண்ணக்கல் தூண்கள், அவற்றின் மேலே கூரை. கூரைக்குக் கீழால் வீதி போகிறது. நடந்து வந்தவர்களும் வண்டிக்காரரும் வெயிலுக்கு ஒதுங்கக் கட்டிய இடம். உச்சி வெயிலில் உள்ளே கால் வைத்தவுடன் கல்லின் குளிர்ச்சி தெரியும். திண்ணையில் இருந்து ஒரு தூணைத் தடவிப் பார்த்தால், முதுகு சாய்ந்து சாய்ந்து மழுங்கிய இடமும் உளி வேலை கூர்மையாக நிற்கும் இடமும் கைக்குப் புலப்படும். மோட்டார் சைக்கிள்கள் இன்றும் நடுவால் போகின்றன. சுமைதாங்கியும், மாடு உரஞ்சும் ஆவுரஞ்சிக் கல்லும், கேணியும் சேர்ந்த பழைய வழிநடை வாழ்க்கையை இவ்வளவு முழுமையாகக் காட்டும் கட்டடம் குடாநாட்டில் வேறு இல்லை என்றே சொல்லலாம். கோட்டையில் ஒரு மணித்தியாலம் செலவழிப்பவர் இங்கே அரை மணித்தியாலமாவது இருக்க வேண்டும்.

பருத்தித்துறையில் 1916 இல் கட்டிய வெளிச்சவீட்டில் ஏற அனுமதி இல்லை. வீதியில் நின்று பார்த்துவிட்டு, பருத்தித்துறை வடை ஒரு பொதி வாங்கிக்கொண்டு வல்லிபுரம் நோக்கிப் போகலாம்.

வல்லிபுர ஆழ்வார் கோயிலில் மூலமூர்த்தி சக்கர வடிவம். சுற்றிலும் மணல். இந்த மணலுக்கடியில் பழைய குடியிருப்பு ஒன்று கிடக்கிறது. 1936 இல் இங்கே கிடைத்த பொற்சாசனம் பிராமி எழுத்தில், வசப மன்னன் காலத்தில் எழுந்த விகாரை ஒன்றைச் சொல்கிறது. இங்கே எடுத்த புத்தர் சிலை யாழ்ப்பாணம் பழைய பூங்காவில் கிடந்து, 1906 இல் ஆளுநர் பிளேக்கினால் சீயம் மன்னருக்குக் கொடுக்கப்பட்டது. இரண்டில் எதையும் வல்லிபுரத்தில் பார்க்க முடியாது. பார்க்கக் கிடைப்பது கோயிலும் மணலும்தான். ஆனாலும் இந்தக் கதையைத் தெரிந்த பிறகு அந்த மணலில் நடப்பது வேறு அனுபவம். தெற்கே மணற்காட்டில் சவுக்கந்தோப்பும் மணற்குன்றுகளும், மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயச் சுவர்களும் உள்ளன. மணற்காட்டுக்கு விடியவோ மாலை நான்கு மணிக்குப் பிறகோ போக வேண்டும். நண்பகலில் மணல் காலைச் சுடும், நிழலும் குறைவு.

வயதானவர்கள் கூட வந்தால் மணற்காட்டை விட்டுத் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதிக்குப் போகலாம். வாய்கட்டிப் பூசை செய்யும் முறை கதிர்காமத்தோடு இந்தக் கோயிலை இணைக்கிறது. அன்னதானக் கந்தன் என்று பெயர் வாங்கிய இடம் ஆதலால் மதியச் சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. பக்கத்திலே வல்வெட்டித்துறை. 1930 இல் அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவர் வாங்கிப் பெயர் மாற்றிய பின், 1938 இல் மசாசுசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. தைப்பொங்கல் அன்று ஊரில் நிற்பவர் அந்தக் கரையின் பட்டப் போட்டியைத் தவறவிடக் கூடாது.

வலிகாமப் பக்கம் வாகனம் வைத்திருப்பவருக்கே வசதி. கந்தரோடையில் சின்னஞ்சிறு தாதுகோபங்கள் கூட்டமாக நிற்கின்றன. கீரிமலையில் கடலுக்கு அருகிலேயே நன்னீர்க் கேணி. போகும் வழியில் புத்தூருக்கு அருகே நிலாவரைக் கிணறு, மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும். குளிக்கப் பிரியப்படும் பிள்ளைகள் இருந்தால் இந்தப் பக்கம் நல்லது. இல்லாவிட்டால் இது மூன்றாவது தெரிவு.

காலமும் தெரிவை மாற்றும். ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் நல்லூர்க் கொடியேறும். அதிலிருந்து 25 நாள் நகரம் திருவிழாக் கோலம். கோயிலைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் இல்லை, மற்றவற்றைப் பார்க்க அதைவிடக் கெட்ட நேரமும் இல்லை. வீதிகள் மறிக்கப்பட்டிருக்கும். நல்லூர்த் தீர்த்தத்தை அடுத்துச் சந்நிதிக் கொடி, பிறகு புரட்டாசிப் பூரணையில் வல்லிபுரத்தானின் கடல் தீர்த்தம். கார்த்திகை, மார்கழி மழையில் மணற்காட்டுப் பக்கம் போகாமல் விடலாம்.

இரண்டு நாள் உள்ளவர் ஒரு நாளைக் கரைக்கும் மறு நாளை நகரத்துக்கும் கொடுக்கலாம். ஒரே நாள்தான் என்றால் நகரத்தை விட்டுவிட்டுக் கரைக்கே போக வேண்டும். விடியக் கரவெட்டியில் வெளிக்கிட்டு, முதலில் மணற்காடு, பிறகு வல்லிபுரம், வெயில் ஏறும் நேரம் தெருமூடி மடம், மதியம் சந்நிதி என்று வைத்துக்கொண்டால் அலைச்சல் இல்லை. கோட்டையையும் நூலகத்தையும் கொழும்புக்குத் திரும்பும் நாளில் வழியில் நின்று பார்த்துவிடலாம். தெருமூடி மடம் அந்த வழியில் இல்லை.