விளக்கெரியும் கூலருக்கு முன் ஒரு எர்த் கம்பி

திருகோணமலை

அன்புள்ள மருமகனுக்கு,

கனடாவிலிருந்து வந்த கேமிங் பெட்டிக்குள் புது கிராபிக்ஸ் கார்ட் போடப் போவதாக அக்கா சொன்னா. அதற்கு முன் விளக்கெரியும் தண்ணீர்க் கூலர் வாங்குவதா, பவர் சப்ளையை மாற்றுவதா என்று மாமாவிடம் கேட்கச் சொன்னாராம் மருமகன். எது என்பது அவருடைய விருப்பம். காசு அவருடையது, குச்சவெளி வெயிலும் அவருடையது. ஒன்று மட்டும்: சூடேறிய கொம்பியூட்டர் தானாக வேகத்தைக் குறைக்கும், மிஞ்சினால் அணைந்துவிடும். கெட்ட பவர் சப்ளை போகும்போது மதர்போட்டையும் கூட்டிக்கொண்டு போகும். இதைத் தெரிந்துகொண்டு அவரே முடிவெடுக்கட்டும்.

பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று கூசுகிறது என்றும் அக்கா சொன்னா. மருமகன் அதைக் கேட்கவேயில்லை. மாமாவுக்கு நித்திரை வராதது அதனால்தான்.

பவர் சப்ளையின் வாசலில், வரும் இரண்டு கம்பிகளிலிருந்தும் ஒவ்வொரு சின்னக் கொண்டென்சர் இரும்புக் கேசிங்குக்குப் போகும். இரைச்சலை வடிகட்ட வைத்தது. எர்த் இருந்தால் அந்தத் துளிக் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேசிங் முழுக்க வரும் வோல்ட்டேஜில் ஏறத்தாழ பாதி நிற்கும். அத்தான் பெட்டியோடு அனுப்பிய 110 வோல்ட் ட்ரான்ஸ்போமருக்கு இரண்டு முள் பிளக்தான், எர்த் எங்கே போகும்? ஆளைக் கொல்லும் அளவு கரண்ட் அதில் இல்லை என்பது உண்மை. ஆனால் உள்ளே ஒரு கம்பி தோலுரிந்து கேசிங்கில் பட்டால், எர்த் இல்லாத பெட்டியில் ட்ரிப் சுவிட்சுக்கு ஒன்றும் தெரியாது. யாராவது தொடும்போதுதான் அது விழும். பெரியக்கா வீட்டுப் பிரிட்ஜில் அம்மம்மா ஷொக் வாங்கியது எப்படி? எர்த் இழுத்தாயிற்று என்று காசை எண்ணி வாங்கிக்கொண்டு போன வயர்மன், கம்பியைச் சுவருக்குள்ளேயே வெட்டி விட்டிருந்தான். அந்த ஆளை நினைத்தால் மாமாவுக்கு இன்றைக்கும் கை நடுங்கும்.

ட்ரான்ஸ்போமரைத் தூக்கிவிட்டு நேரே சுவர் பிளக்கில் செருகலாமே என்று மட்டும் நினைக்க வேண்டாம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. நல்ல பவர் சப்ளை 100 முதல் 240 வரை ஏற்கும், ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். அமெரிக்கா, கனடாவுக்கென்று மலிவாகச் செய்த சில, 115க்கு மட்டுமானவை. சிலவற்றின் முதுகில் சிவப்பாக ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அது 115இல் நிற்கும்போது உள்சுற்று வோல்ட்டேஜை இரட்டிக்கும். 230இன் உச்சம் 325, இரட்டித்தால் 650. உள்ளே ஜோடியாக நிற்கும் கொண்டென்சர்கள் பெரும்பாலும் தலைக்கு 200 வோல்ட் தாங்குபவை. அடுத்த வீட்டுக்கும் சத்தம் கேட்கும்.

புதிதாக வாங்குவதென்றால் கணக்குக் கஷ்டமில்லை. மருமகன் ஆசைப்படும் ஆர்டிஎக்ஸ் 4070 கார்ட் 200 வாட் இழுக்கும். உள்ளே இருக்கும் ஐ5-13400எஃப் ப்ரொசெசர் முழுமூச்சில் ஓடினால் 148 வாட். மற்றதெல்லாம் சேர்த்தால் 400ஐத் தாண்டும். என்விடியாவே 650 வாட் சப்ளை வைக்கச் சொல்கிறது. ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் உள்ள வாட்டைவிட 12 வோல்ட் வரியைப் பார்க்க வேண்டும். அதில் 30 அம்பியர் என்று இருந்தால் 360 வாட்தான், மேலே 500 என்று போட்டிருந்தாலும்.

தங்க முத்திரையையும் முழுக்க நம்ப முடியாது. கார்ட் தட்டுப்பாட்டுக் காலத்தில் அமெரிக்காவின் நியூஎக் கடை, கார்ட் வேண்டுமென்றால் கிகாபைட்டின் ஜிபி-பி750ஜிஎம் மாதிரிப் பவர் சப்ளையையும் சேர்த்து வாங்கு என்று கட்டி விற்றது. 80 பிளஸ் கோல்ட் முத்திரை குத்திய சாமான். 2021இல் யூடியூப் கேமர்ஸ் நெக்ஸஸ்காரர் சோதித்தபோது சில வெடித்தே போயின. அந்த ஆகஸ்டில் கிகாபைட், கூடுதல் சுமையில் அணையும் எல்லையை 120–150 சதவீதத்திலிருந்து 110–120க்கு இறக்கியதாக அறிவித்து, குறிப்பிட்ட தொடரிலக்கச் சாமான்களை மாற்றித் தரவும் ஒப்புக்கொண்டது. முத்திரை கரண்ட் எவ்வளவு வீணாகிறது என்பதற்குத்தான்.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போகுமுன் மருமகன் மூடியைக் கழற்றி, மதர்போட்டில் 24 முள் பிளக் இருக்கிறதா என்று பார்க்கட்டும். டெல், ஹெச்பி, லெனோவோ பெட்டிகள் பலவற்றில் இருக்காது. 1990களின் கடைசியில் டெல், பார்வைக்கு அதே பிளக்கை வைத்து உள்ளே கம்பிகளை இடம் மாற்றியிருந்தது. கடைச் சப்ளையைச் செருகியவர்களின் போட் கருகியது. பழைய சப்ளையின் கேபிளைப் புதியதில் செருகவும் கூடாது. சப்ளைப் பக்கத்து முள் ஒழுங்கு கம்பனிக்குக் கம்பனி வேறு.

கூலர்? கச்சான் வீசும் மாதங்களில் குச்சவெளியில் அறையே 35 பாகை. விமர்சகர்கள் சோதிப்பதோ 21, 22 பாகை அறையில். அறை ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் உள்ளேயும் ஏறத்தாழ ஒரு பாகை ஏறும். தண்ணீரானாலும் காற்றானாலும் அறையைவிடக் குளிராக்காது. ப்ரொசெசரின் 148 வாட்டுக்கு 120 மில்லிமீற்றர் விசிறி வைத்த சாதாரணக் கோபுரக் கூலர் போதும். தண்ணீர்க் கூலரில் பம்ப் நின்றால் கதை முடிந்தது. குழாய் வழியே நீரும் வருடக்கணக்கில் கசியும், பெரும்பாலானவற்றில் திரும்ப ஊற்றவும் வழியில்லை. முகப்புக் கண்ணாடியைக் கழற்றி வலைத்தட்டி போட்டு, காற்றை முன்னால் இழுக்க ஒரு விசிறி, பின்னால் தள்ள ஒரு விசிறி வைத்தால் போதும். கடல் பக்க ஜன்னலுக்குக் கீழே மட்டும் வைக்க வேண்டாம், உப்புக் காற்று இணைப்பு முட்களைத் தின்றுவிடும்.

கரண்ட் போனால் பிளக்கைக் கழற்றவும், திரும்ப வரும்போது வோல்ட்டேஜ் எகிறலாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாட்டையே இருட்டாக்கவில்லையா?

இவ்வளவையும் வாசித்து மருமகன் முகத்தைச் சுளிக்க வேண்டாம். எங்கள் பரம்பரையிலேயே ஒரு பெட்டியைத் தானே திறந்து பார்க்கத் துணிந்தவர் அவர்தான். மாமா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். பவர் சப்ளைக் காசு மாமாவுடையது. அந்த விளக்கெரியும் கூலரும் வேண்டுமென்றால் பொங்கலுக்கு அதையும் வாங்கலாம், நீலமோ சிவப்போ அவரே சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமை மாமா மீற்றரோடு வந்து எர்த் பார்ப்பார். அக்காவைப் பாரைமீன் வாங்கி வைக்கச் சொல்லவும்.

என்றும் பிரியமுள்ள,
மாமா